வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற வருக்கை

திற்பரப்பு,
பங்குனி 12.

அன்பு மகள் ஜிஷாவுக்கு,

அப்பா எழுதுவது. அய்யா புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். அம்மாவின் முட்டுவலி பரவாயில்லை, ஆனால் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். நல்லமிளகு இந்த முறை கொடிக்குப் பாதிதான், மழை வேண்டாத நேரத்தில் பெய்து திரியெல்லாம் உதிர்ந்துபோனது. மட்டி வாழை மூன்று குலை தள்ளியிருக்கிறது. மங்குஸ்தான் தளிர்விட்டு நிற்கிறது, பூ இன்னும் காணோம். இதெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தத் தாள்.

போன மாதம் நீ பேசும்போது, அப்பா போனைத் திருப்பிக் காட்டுங்க, சித்தப்பா விளைப்பக்கம் என்னவோ வெட்டவெளியாகத் தெரியுதே, வருக்கைப் பலா எங்கே என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை மக்களே, அப்புறம் பேசுகிறேன் என்று நான் கட் பண்ணினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் மேற்குப்பக்கத்து மிளகுக்கொடியையும் கிணற்றையும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, சித்திரையில் லீவு கிடைத்துவிட்டது, வந்து இறங்கினதும் சித்தப்பா வீட்டு வருக்கைச் சக்கை தின்ன வேண்டும் என்று நீ சொன்னபோது அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

அந்த வருக்கை இப்போது இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் எழுதின தாளில், மரத்துக்கு ஒரு தவறு நடந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்துவிட்டு, "நடந்ததுன்னு எழுதினா எப்படி? யாரு செஞ்சதுன்னு எழுதுங்க" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எழுதுகிறேன். நான்தான் செய்தேன். பொன்னுலிங்கம் சித்தப்பாவின் வருக்கைப் பலாவுக்கு மருந்து வைத்துக் கொன்றவன் உன் அப்பா.

எதற்காக என்று நீ கேட்பாய். காரணம் பெரிதாக இருந்தால் எழுதுவதற்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நம் விளையின் கிழக்கு ஓரத்தில் வேலியை ஒட்டி நான்கு ரம்புட்டான் வைத்தேன் அல்லவா, நீ வெளிநாடு போன வருஷம் வைத்த ஒட்டுக்கன்றுகள். அப்போதே விளைக்குள்ளே வைத்த மற்ற ஆறும் நான்காம் வருஷமே காய்த்தன. வேலியோரத்து நான்கும் இலையும் தழையுமாக வளர்ந்தனவே தவிர ஒரு கொத்துக்கூடக் காய்க்கவில்லை. வருக்கையின் நிழல்தான் காரணம். காலையிலிருந்து உச்சிவரைக்கும் அவற்றின் மேல் வெயில் படாது. பொன்னுலிங்கத்திடம் இந்தப்பக்கம் சாய்ந்த இரண்டு கொம்பையும் இறக்கச் சொன்னேன். மறுநாளே ஒன்றை இறக்கினான். மற்றதைத் தொடவில்லை. "அண்ணாச்சி, அந்தக் கொம்புலதான் தேனு மாதிரி சக்கை பிடிக்கும், உங்க வீட்டுக்கு வாறதும் அதுலேருந்துதான். அது மட்டும் நிக்கட்டு" என்றான். நியாயம்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். மனசுக்குள் நியாயமாகத் தோன்றவில்லை. முப்பது வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவன் நான், ஒரு மரத்தை விடலாமா வெட்டலாமா என்று நான் சொன்னால் எதிர்ப்பேச்சு பேச ஆளில்லாமல் பழகிவிட்டேன்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து அஜின் என்று ஒரு பையன் கேமராவோடு வந்து நம் விளையைச் சுற்றிச் சுற்றி எடுத்துப் போட்டானே, மரத்தின் மனசு அறிந்த மனிதர் என்று தலைப்பு வைத்து. நீ அதை உன் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அனுப்பினாய். கூட வேலை பார்க்கிற நர்ஸ்கள் எல்லாம் அப்பாவைக் கேட்டார்கள் என்று சொன்னாய். அருவி பார்க்க வந்தவர்கள்கூட வழி கேட்டு நம் வீட்டுக்கு வந்தார்கள், என்னோடு நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலை கனத்துவிட்டது மக்களே. அந்த வீடியோவுக்கு அடியில் யாரோ, ஓரத்தில் நிற்கிற நான்கும் மலடா என்று கேட்டு எழுதியிருந்தான். ஊர், பேர் தெரியாத ஒருவன். அதை நான் எத்தனை தடவை எடுத்து வாசித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரிக்கிற விஷயமாக முடிந்திருக்கலாம்.

ஐப்பசி கடைசியில் சித்தப்பா மகள் அபினாவுக்கு ஏழாம் மாசம். அவளைக் கருங்கல்லில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூட்டி வர சித்தப்பா வீட்டில் எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். அம்மாவும் வளையல் வாங்கிக்கொண்டு கூடப் போனாள். என்னையும் அழைத்தார்கள். பொன்னுலிங்கம் வாசலில் வந்து நின்று, "பெரியப்பா வராம பிள்ளைய எப்படிக் கூட்டிட்டு வாறது" என்றான். இடுப்பு பிடித்திருக்கிறது என்று சொன்னேன். இடுப்புக்கு ஒன்றும் இல்லை. வேன் வளைவு திரும்பினதும் எழுந்தேன். அந்த மரம் நிற்கிற மூலை உனக்குத் தெரியும், நம் விளையும் பொன்னுலிங்கம் விளையும் வைகுண்டராஜன் விளையும் கூடுகிற இடம். சேனைத் தண்டு மறைவில் உட்கார்ந்து, மண்ணை விலக்கி, மரத்தின் அடித்தூரில் துளை போட்டேன். எஸ்டேட்டில் களைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் வீட்டில் கிடந்தது. அதை ஊற்றி, களிமண் வைத்து அடைத்து, மேலே சருகு அள்ளிப் போட்டேன். பட்டப்பகல். கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்து சோறு எடுத்துப் போட்டுத் தின்றேன். மரம் முழுக்கச் சாகும் என்று நினைக்கவில்லை, அந்தக் கொம்பு மட்டும் காய்ந்துவிடும் என்று நினைத்தேன் என்று நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. முப்பது வருஷம் மரத்தோடு இருந்தவன் அப்படிச் சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

சாயங்காலம் வேன் வந்தது. அபினா கை நிறைய வளையலோடு இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்து, பெரியப்பா இடுப்பு எப்படி இருக்கு என்று கேட்டாள்.

கார்த்திகையில் இலை மஞ்சளித்தது. ஒரு நாள் காலையில் பொன்னுலிங்கம் வேலியருகில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஒண்ணு வந்து பாருங்க. மரத்துக்கு என்னமோ ஒரு கேடு. உங்களுக்குத் தெரியாத மரமா?" என்று கூப்பிட்டான். போனேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன், பட்டையைத் தட்டிப் பார்த்தேன், வைத்தியன் கைபார்க்கிற மாதிரி எல்லாம் செய்தேன். மழைவெள்ளம் தூரில் கட்டிக் கிடந்து வேரழுகல் வந்திருக்கிறது, சுற்றி ஓடை வெட்டி வெள்ளத்தை வடியவிட வேண்டும் என்று சொன்னேன். அவனுக்குப் போன வருஷம் முட்டில் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். கூலிக்கு ஆள் வைக்கச் சொன்னதற்கு, "நம்ம மரத்துக்கு நாம வெட்டணும்" என்று சொல்லி மூன்று நாள் தானே மண்வெட்டி பிடித்தான். நான் பக்கத்தில் நின்று, இன்னும் ஆழமாக, இந்தப்பக்கம் சரிவு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே நின்றேன் என்று கேட்டால், துளை போட்ட இடத்தின் மேலே காலை வைத்து நின்றேன். அங்கே அவன் வெட்டிவிடக் கூடாதே என்று. மூன்றாம் நாள் அவன் வியர்த்துக்கொட்டி உட்கார்ந்தபோது அவன் வீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் கட்டன்சாயா வந்தது. குடித்தேன்.

மார்கழியில் பிஞ்சுச் சக்கை உதிரத் தொடங்கியது. கைக்கு அடங்குகிற பிஞ்சுகள். ஒரு நாள் நான் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சோற்றுக்குப் பக்கத்தில் பிஞ்சைக் கொத்திச் செய்த இடிச்சக்கைத் துவரன் வைத்தாள். எங்கிருந்து என்று கேட்டேன். "பொன்னுலிங்கம் கொண்டு தந்தாரு, வீணாப் போகாண்டாம் மைனி, துவரன் வையுங்கன்னாரு" என்று சொல்லிவிட்டு அவளும் தனக்கு எடுத்துப் போட்டாள். நான் அவள் தட்டைப் பிடுங்கினேன். சட்டியோடு கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். அவள் எழுந்து நின்று என்னையே பார்த்தாள். அதற்குள் எனக்கு அபினா நினைவுக்கு வந்துவிட்டாள். செருப்புப் போடாமல் வேலி தாண்டி ஓடினேன். அடுக்களை வாசலில் அபினா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, தட்டு மடியில். நோய் பிடித்த மரத்துப் பிஞ்சு, தின்னாதே என்று கத்தினேன். அவள் தட்டை வைத்துவிட்டு, "ஐயோ பெரியப்பா, நேத்தும் இதுதான் தின்னேன், முந்தாநாளும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, எங்க பிள்ளை மேல உங்களுக்கு இருக்குற அக்கறை எங்களுக்குக்கூட இல்லை என்றாள்.

அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொல்லு, இன்ன மருந்து, இன்ன நாளில் மரத்தில் வைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நீ நர்ஸ், அதைச் சொல்லாமல் இருப்பது என்ன காரியம் என்று என்னைவிட உனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டுப்பக்கம் யாராவது வேகமாக நடந்தால் எழுந்து வேலிக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். அபினா தலைசுற்றுகிறது என்று ஒரு நாள் படுத்தாள், அன்று விடியும்வரைக்கும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் சொல்லவில்லை. மரத்தைக் கொன்றதற்கு ஏதாவது ஒரு கோபத்தைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? என் பேர் கெட்டுவிடுமே என்பதைத் தவிர அந்த ஒரு மாதத்தில் என் வாயை அடைத்தது வேறொன்றும் இல்லை. தை பிறந்ததும் ஆண்குழந்தை, சுகப்பிரசவம், மூன்று கிலோ. நீ வாட்ஸப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பினாய். அன்று நான் அய்யாவை வழிபடுகிற தாங்கலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கும்பிடப் போயிருக்கிறேன் என்று அம்மா நினைத்தாள். ஒளிந்துகொள்ளப் போயிருந்தேன்.

தை முடியும்போது மரத்தில் ஒரு இலை இல்லை. காற்றடித்தால் கொம்பு முறிந்து வீட்டின் மேல் விழும் என்று பயந்து பொன்னுலிங்கம் மாசி முதலில் முறிக்க ஏற்பாடு செய்தான். முருகதாஸ் என்று ஒரு மரம் முறிக்கிறவர் ஆள்களோடு வந்தார். தூரை வெட்டும்போது மண்ணுக்கடியில் அந்தத் துளை கண்ணில் பட்டுவிட்டது. களிமண் அடைப்பைக் கம்பியால் குத்தி எடுத்து, மோந்து பார்த்து, "இது தானாப் பட்ட மரம் இல்ல பாத்துக்கிடுங்க. யாரோ மருந்து வச்சிருக்காவ" என்றார். நானும் அங்கேதான் நின்றேன். பொன்னுலிங்கம் அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து வைகுண்டராஜன் வீட்டுப்பக்கம் பார்த்தான்.

அவனுக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் வருக்கையின் இலை தன் கிணற்றில் விழுகிறது என்று வைகுண்டராஜன் சண்டை போட்டு, ஒரு நாள் இந்த மரத்தை இல்லாமல் ஆக்கிவிடுவேன் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தார். ஊரில் பத்துப் பேர் கேட்டது. என்னை யாரும் நினைக்கவில்லை. என்னைத்தானே வைத்தியத்துக்குக் கூப்பிட்டார்கள். பொன்னுலிங்கம் அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று சத்தம் போட்டான். அந்த வீட்டாரோடு யாரும் பேசவில்லை. தாங்கலில் விளக்கு வைக்கிற பணிவிடை எத்தனையோ வருஷமாக வைகுண்டராஜன் செய்வது, இது தெளிகிற வரைக்கும் கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்ன பெரியவர்களில் நானும் ஒருவன். இதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் தலையை ஆட்டினேன்.

மாசி மூன்றாம் ஞாயிறு தாங்கலில் மத்தியான உச்சிப்படிப்பு முடிந்து எல்லோரும் நின்றபோது வைகுண்டராஜன் யாரும் கேட்காமல் தானாகவே முன்னால் போனார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நாம் அய்யாவாகக் கும்பிடுகிற கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அய்யா, அந்த மரத்தை நான் தொடல்ல. தொட்டிருந்தா என் வம்சம் விளங்காண்டாம்" என்றார். நான் அவருக்கு நேர் பின்னால் நின்றேன். கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பின்னால் நாமம் போட்டுக்கொண்டு நின்ற என் முகம் தெரிந்தது. அப்போதும் நான் பேசவில்லை மக்களே. அப்போதே அங்கேயே பேசினேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது. பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். எருக்குழியில கொட்டினப்பவே எனக்குத் தெரியும், உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன் என்று சொன்னாள். அப்புறம், "அபினா தின்னாளே. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்காண்டாம். பால் குடிக்கிற பிள்ளை இருக்கு, இப்பமே போய்ச் சொல்லுங்க" என்றாள். என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள்.

போனேன். பொன்னுலிங்கம் முறித்த மரத்தின் தூரில் உட்கார்ந்து கம்பியால் கரையான் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு ரம்புட்டானையும், வேன் போன நாளையும், மருந்தின் பேரையும். கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன், ஓங்கினால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "நான் ஓடை வெட்டினப்பம் பக்கத்துல நின்னீங்களே அண்ணாச்சி. அப்பம் தெரியுமா உங்களுக்கு?" தெரியும் என்றேன். "மூணு நாளும்?" மூன்று நாளும் என்றேன். அவன் எழுந்து கால்முட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அபினா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். மருந்தின் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டு, போனில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பரிசோதித்து, ரத்தமும் பார்த்து, குறை ஒன்றும் தெரியவில்லை, இரண்டு மாசம் கழித்து ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை அவள் அம்மா நம் அம்மாவிடம் சொல்லி, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் அந்த வீட்டு வாசலை விட்டு வரும்போது அபினா என்னைக் கூப்பிட்டாள். "ஜிஷா அக்கா தினமும் எனக்கு மெசேஜ் போடுவா. நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லணும் பெரியப்பா" என்றாள். பெரியப்பா என்றுதான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. உன்னிடம் அவள் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்காக இல்லை, உனக்காக.

மறு ஞாயிறு தாங்கலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன், அதைக் கட்டிக்கொண்டு சொல்ல மனசு வரவில்லை. வைகுண்டராஜனின் கையைப் பிடிக்கப் போனேன், அவர் தட்டிவிட்டார். "என் பேரப்பிள்ளையப் பள்ளிக்கூடத்துல வச்சுக் கேட்டானுவ, உங்க தாத்தாதானே மரத்தைக் கொன்னதுன்னு. அவன் வீட்டுக்கு வந்து என்கிட்ட ஆமாவான்னு கேட்டான். அதுக்கு நீரு என்ன சொல்லுதீரு?" என்றார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, உன் தாத்தா இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவன் ஏன் என்று கேட்டான். ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் அந்தக் காரணம் எவ்வளவு அற்பம் என்று எனக்கே கேட்டது. விளக்குப் பணிவிடை இப்போது மறுபடியும் வைகுண்டராஜன் கையில். பெரியவர்கள் கூடுகிற இடத்துக்கு நான் போவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பொன்னுலிங்கத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், வேலியோரத்து நான்கு ரம்புட்டானையும் வெட்டிவிடுகிறேன் என்று அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்னும் நாலு மரத்தைக் கொன்னா என் மரம் வந்துருமா என்று பதில் வந்தது. அதன்பிறகு அரிவாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது சில இருக்கிறது. அந்த வீடியோவை நீ எங்கெல்லாம் போட்டாயோ அங்கிருந்து எடுத்துவிடு. அஜினுக்கு நான் போன் செய்து நடந்ததைச் சொல்லி எடுக்கச் சொன்னேன், அவன் நல்ல பிள்ளை, எடுத்துவிட்டான். உன் கூட வேலை செய்கிறவர்களிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம், மறைக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சித்தப்பாவுக்குப் போன் போட்டு எனக்காக மன்னிப்புக் கேட்காதே. அப்பா நல்லவர்தான், வயசாகிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது என்றெல்லாம் சொல்லாதே. தடுமாறவில்லை. சித்திரையில் வந்து இறங்கினதும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போ. அபினாவின் பிள்ளையை எடுத்துக்கொள். நம் வீட்டுக்கு வர மனசு வரவில்லை என்றால் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டு வா, அம்மா அதற்கு ஒன்றும் நினைக்க மாட்டாள், நானும் நினைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வருக்கை போனதும் வேலியோரத்துக்குக் காலையிலிருந்தே வெயில் வந்துவிட்டது. அந்த நான்கு மரமும் இந்த வருஷம் பூத்திருக்கின்றன. அப்படி இப்படிப் பூக்கவில்லை, இலை தெரியாமல் கொத்துக் கொத்தாகப் பூத்து, தேனீ மொய்த்து, இப்போது பிஞ்சு பிடித்திருக்கிறது. உள்ளே நிற்கிற ஆறும்கூட இப்படிப் பூத்ததில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அம்மா, அந்த நாலு மரத்துப் பழம் இந்த வீட்டு நடை தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் அந்தப்பக்கம் தண்ணீர்விடப் போகும்போது தலையைத் தூக்குவதில்லை.

நேற்றுக் காலையில் அந்த ரம்புட்டான் தூரில் மண் அணைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. நொண்டுகிற நடையை வைத்தே யார் என்று தெரிந்துவிட்டது. நான் நிமிரவில்லை. அவன் அங்கேயே நின்றான். போய்விடுவான் என்று பார்த்தேன், போகவில்லை. கொஞ்சநேரம் கழித்து, என்னைப் பார்த்துச் சொன்னானா மரத்தைப் பார்த்துச் சொன்னானா தெரியாது, "பிஞ்சு நல்லாப் பிடிச்சிருக்கு. சிவக்கதுக்கு முன்னால வலை கட்டணும், இல்லேன்னா வவ்வால் ஒண்ணு விடாது" என்றான். அண்ணாச்சி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு நடந்து போய்விட்டான். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன் மக்களே. அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேன். வெயில் ஏறி, அம்மா வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறவரைக்கும் என்னால் அங்கிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மனசு நிறைந்து வாழ வேண்டும், பிள்ளை யார் முன்னாலும் தலைகுனியாமல் வளர வேண்டும், அய்யா கூட இருப்பார். இரவு டியூட்டி முடிந்து வரும்போது கழுத்தை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. வரும்போது அபினாவின் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வா, அதை உன் பேரில் கொடு, என் பேரைச் சொல்லாதே. இதை வாசித்ததும் போன் பண்ண வேண்டும் என்று இல்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு.

உன் அப்பா,
சுயம்புராஜ்